வீட்டில் திருவருகைக் கால வளையம்: முதன்முறை தொடங்குபவர்களுக்கு

நவம்பர் கடைசியில் ஊதா மெழுகுவர்த்தி கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய தயாரிப்புக் காலம். அப்போது கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை இலைகளோடு, வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகள் கொண்ட திருவருகைக் கால வளையம் வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதையே வீட்டில் வைத்து, தினமும் மாலையில் குடும்பமாகக் கூடிச் செபித்து, அந்தக் காலத்தோடு பிறக்கும் திருவழிபாட்டு ஆண்டை (திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டி ஆண்டை) தொடங்கலாம் என்று நினைத்தால்தான் கேள்விகள் வரிசையாக வரும். என்ன வாங்குவது, என்றைக்கு ஏற்றுவது, எந்த வாசகத்தை எடுப்பது? விசாரித்தால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளோ ஊசியிலை மரக் கிளையை வெட்டிவரச் சொல்கின்றன. சென்னையில் வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் இருப்பவர் அதற்கு எங்கே போவார்?

கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் தம்பதி, வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள், அண்மையில் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஆகியோரை மனதில் வைத்திருக்கிறேன். வளையத்தின் வரலாறு இங்கே கிடையாது. 2026-க்கான தேதிகளைக் கொடுத்திருக்கிறேன். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளும் வழியும் உண்டு.

1. முதலில் தேதி

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். நவம்பர் 30 புனித அந்திரேயா திருவிழா; அதற்கு மிக நெருங்கிய ஞாயிறு எதுவோ அதுதான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கிறிஸ்துமஸிலிருந்து பின்னோக்கி நான்கு ஞாயிறுகளை எண்ணினாலும் அதே நாளில்தான் வந்து நிற்பீர்கள். கிறிஸ்துமஸே ஞாயிறாக வந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

2026-இல் முதல் ஞாயிறு நவம்பர் 29. அடுத்தவை டிசம்பர் 6, 13, 20. 2027-இல் நவம்பர் 28-லும், 2028-இல் டிசம்பர் 3-லும் தொடங்கும். 2028-இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24 ஆகிவிடுவதால், நான்காவது மெழுகுவர்த்திக்கு அந்த ஒரு நாள்தான் கிடைக்கும்.

திருவழிபாட்டுக் கணக்கில் ஞாயிறு என்பது சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடும். ஆகவே நவம்பர் 28 சனி மாலை ஏற்றுவதும் சரி, ஞாயிறு மாலை ஏற்றுவதும் சரி. என் ஓட்டு சனிக்கிழமைக்கு. மறுநாள் பள்ளி இல்லை, யாரும் அவசரத்தில் இருக்க மாட்டார்கள்.

இதற்கு முந்தைய ஞாயிறு, அதாவது நவம்பர் 22, கிறிஸ்து அரசர் பெருவிழா. பழைய திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறும் அதுதான். அன்று திருப்பலி முடிந்து வீட்டுக்கு வரும்போது பொருள்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தேடினால் அலைச்சல்தான்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

மூன்றே மூன்று: மறைமாவட்டத் திருவழிபாட்டு நாட்காட்டி, திருவிவிலியம், நீங்களே எழுதிய ஒரு பக்கச் செபத்தாள்.

நாட்காட்டியைப் பங்கு அலுவலகத்திலோ கத்தோலிக்கப் புத்தகக் கடையிலோ கேளுங்கள். இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன: நற்செய்தி பெரும்பாலும் முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. இந்தச் சுழற்சி ஆண்டு மாறுவது ஜனவரியில் அல்ல, திருவருகைக் காலத்தில். 2026 முழுக்க முதல் ஆண்டு வாசகங்களைக் கேட்டுப் பழகியிருப்பீர்கள். நவம்பர் 29 அன்று இரண்டாம் ஆண்டு தொடங்கிவிடும். பழைய நினைவில் முதல் ஆண்டுப் பக்கத்தைத் திறந்தால் வீட்டில் ஒன்றும் கோயிலில் வேறொன்றுமாகப் போகும்.

கணக்கு எளிது. கிறிஸ்துமஸுக்குப் பின்னால் வரும் ஜனவரியின் ஆண்டு எண்ணை எடுத்து மூன்றால் வகுங்கள். மீதி ஒன்று என்றால் முதல் ஆண்டு, இரண்டு என்றால் இரண்டாம் ஆண்டு, மீதியே இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு. 2027-ஐ வகுத்தால் மீதி இரண்டு.

இந்த முறை நான்கு ஞாயிறுகளின் நற்செய்தி இவை. அப்படியே செபத்தாளில் எழுதிக்கொள்ளலாம்:

நவம்பர் 29: மாற்கு 13:33-37
டிசம்பர் 6: மாற்கு 1:1-8
டிசம்பர் 13: யோவான் 1:6-8, 19-28
டிசம்பர் 20: லூக்கா 1:26-38

வாரநாள் வாசகங்களுக்குத் திருவருகைக் காலத்தில் ஆண்டுப் பிரிவு கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் அதே வாசகங்கள்தான். ஒருமுறை குறித்து வைத்தால் அடுத்த ஆண்டும் உதவும். ஆனால் டிசம்பர் 17 முதல் கிழமைக் கணக்கு நின்று, தேதிப்படி வாசகங்கள் வரும். அதைத் தனியாகக் குறியுங்கள்.

கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வாசகத்துக்காகக் கையில் எடுத்த போன் வாட்ஸ்அப் செய்தியோடுதான் கீழே இறங்கும். தாளே நல்லது.

3. நேரத்தை வீட்டோடு முடிவு செய்தல்

மொத்தம் பத்து முதல் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் திட்டமிடாதீர்கள். முழுச் செபமாலையும் இதோடு சேரட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். ஏற்கெனவே தினமும் செபமாலை சொல்லும் வீடென்றால் அதன் தொடக்கத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றினால் போதும், இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தப் பழக்கம் இல்லாத வீட்டில் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் இரண்டுமே நின்றுபோகும்.

நேரம் கடிகாரத்தைப் பார்த்து அமைய வேண்டியதில்லை. வீட்டில் எல்லோரும் எப்படியும் கூடும் வேளை எதுவோ அதற்கு முன்னால் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இரவுச் சாப்பாடு. தட்டு போடும் முன் மெழுகுவர்த்தி. ஷிப்ட் வேலையில் இருப்பவர் வரும்வரை குழந்தைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டாம். இருப்பவர்கள் ஏற்றுங்கள். வராதவருக்கு ஞாயிறு இருக்கிறது.

கணவன், மனைவியில் ஒருவர் வேறு சமயத்தவர் என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விளக்கேற்றுவது நம் ஊரில் எந்த வீட்டுக்கும் அந்நியமில்லை என்பதால் இதில் பெரும்பாலும் சிக்கல் வராது. வாசகம் வாசிக்கச் சொல்லி அவரை வற்புறுத்தாமல், மெழுகுவர்த்தி ஏற்றும் முறை அவருக்கும் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பொருள்களும் செலவும்

வேண்டியவை நான்கு மெழுகுவர்த்தி, ஒரு வட்டம், கொஞ்சம் பச்சை, ஒரு தாம்பாளம். அவ்வளவுதான்.

மெழுகுவர்த்தியில் மூன்று ஊதா, ஒன்று ரோஸ் என்பது பரவலான வழக்கம். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு, அதாவது மகிழ்ச்சி ஞாயிறுக்கு. அன்று குருவும் ரோஸ் நிறத் திருவுடை அணியலாம். நடுவில் வெள்ளை ஒன்றை வைத்து அதைக் கிறிஸ்துமஸ் இரவு ஏற்றுவது விருப்பம்தான், கட்டாயமில்லை. நிறம் கிடைக்கவில்லை என்பதற்காக யாரும் நிறுத்த வேண்டாம். நான்கும் வெள்ளையாக இருந்தாலும் வளையம் வளையம்தான்.

ஊதா மெழுகுவர்த்தியைப் பலசரக்குக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளிலும், திருத்தலங்களுக்கு வெளியே இருக்கும் மெழுகுவர்த்திக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். சென்னையில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் பக்கம் போகிறவர்கள் அங்கேயே விசாரித்துவிடலாம். இணையத்தில் நான்கும் சேர்ந்த பெட்டியாகவே விற்கிறார்கள். விலை கூடுதல், மழைக்காலத்தில் தாமதமாக வந்து சேரும், சில சமயம் உடைந்தும் வரும். அப்படி வாங்குவதானால் நவம்பர் முதல் வாரத்திலேயே பணம் கட்டிவிடுங்கள்.

வெள்ளை மெழுகுவர்த்தியைச் சுற்றி ஊதா கிரேப் தாள் ஒட்டுவது ஆபத்து. சுடர் இறங்கி வரும்போது தாள் பிடித்துக்கொள்ளும். அடியில் ஒரு விரல் அகலத்துக்கு ஊதா ரிப்பன் கட்டினால் போதும். அதுவரை எரிய விடாதீர்கள்.

எவ்வளவு தடிமன் வேண்டும்? இங்கேதான் பலரும் கணக்குப் பார்ப்பதில்லை. தினம் பதினைந்து நிமிடம் என்றால், நவம்பர் 29 முதல் டிசம்பர் 24 வரை முதல் மெழுகுவர்த்தி 26 நாள் எரியும். அதாவது ஆறரை மணி நேரம். இரண்டாவது 19 நாள், நாலே முக்கால் மணி. மூன்றாவது 12 நாள், மூன்று மணி. நான்காவது 5 நாள், ஒன்றேகால் மணி. மின்தடைக்கு வாங்கும் ஒல்லி மெழுகுவர்த்தி முதல் இடத்தில் தாக்குப்பிடிக்காது. வாங்கியதும் ஒன்றைப் பதினைந்து நிமிடம் எரியவிட்டு, எவ்வளவு குறைந்தது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். அந்த அளவை 26-ஆல் பெருக்கினால் வேண்டிய உயரம் தெரிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நான்கும் நான்கு உயரத்தில் படிக்கட்டு மாதிரி நிற்கும். அதைச் சரிசெய்ய எதையும் மாற்றாதீர்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

மெழுகுவர்த்திச் செலவே வேண்டாம் என்பவர்களுக்கு அகல் விளக்கு இருக்கிறது. கார்த்திகை தீபத்தை ஒட்டி நவம்பரில் தெருவெங்கும் மலிவாகக் கிடைக்கும். நான்கு அகல், நல்லெண்ணெய், திரி. உயரக் கணக்கும் கிடையாது.

வட்டத்துக்குப் பானை வைக்கும் பிரிமணை கச்சிதமான பொருள். வைக்கோலாலோ நாராலோ முறுக்கிய அந்த வளையம் பழைய பாத்திரக் கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் கட்டுக்கம்பி வாங்கி மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிக்கொள்ளுங்கள். பச்சைக்குச் சவுக்குக் கொத்து நம் ஊருக்குப் பொருத்தம். கிடைக்காவிட்டால் மாவிலை, குரோட்டன்ஸ், வீட்டுத் தொட்டியில் இருப்பது எதுவும். பிளாஸ்டிக் தோரணம் மட்டும் வேண்டாம். சூட்டில் உருகி நாறும்.

எங்கள் வீட்டில் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. அதில் பெரும்பங்கு மெழுகுவர்த்திக்கு. வட்டமும் தாம்பாளமும் அடுத்த ஆண்டும் உதவும் என்பதால் பின்னால் செலவு இன்னும் இறங்கும்.

5. அமைப்பதும் வைக்கும் இடமும்

பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் கழுவிக் காயவைத்த மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். நான்கு மெழுகுவர்த்தியையும் மணலில் ஊன்றுங்கள். பச்சை சுற்றிய பிரிமணையை நடுவில் வைத்தால் மெழுகுவர்த்திகள் வெளியே நிற்கும். அகலமான வளையமென்றால் அவை உள்ளே நிற்கும். எதுவானாலும் சுடருக்கும் இலைக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். மெழுகுவர்த்தியை நேரே வைக்கோல் வளையத்தின் மேல் செருகக் கூடாது.

சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்து முறுகிவிடும். காய்ந்த சவுக்கில் பொறி விழுந்தால் சடசடவென்று பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் பச்சையை மாற்றுவதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தலைக்கு மேலே பாருங்கள். சீலிங் ஃபேன் ஓடினால் எதுவும் எரியாது. நிறுத்தினால் குழந்தைகள் வேர்க்கிறது என்பார்கள். ஃபேனுக்கு நேர் கீழே இல்லாத, திரைச்சீலைக்கும் சன்னலுக்கும் தள்ளியிருக்கும் மூலை நல்லது. சுவரில் மாட்டிய பீடத்துக்குக் கீழ்ப் பலகையில் வைக்க வேண்டாம், படம் கரி பிடிக்கும். யாரும் இல்லாத அறையில் எரியவிட்டுப் போகாதீர்கள். செபம் முடிந்ததும் அணைப்பதும் வழிபாட்டின் பகுதிதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஊதுவதற்குப் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று, மழைக்காலம். மின்சாரம் போனதும் வீட்டில் யாருடைய கையும் முதலில் அந்த ஊதா மெழுகுவர்த்தியைத்தான் தேடும். தனியாக ஒரு பாக்கெட் வெள்ளை வாங்கிச் சமையலறையில் போட்டுவையுங்கள்.

6. மந்திரிப்பது

சாமியார், அதாவது பங்குக் குரு, வீட்டுக்கு வந்துதான் மந்திரிக்க (ஆசீர்வதிக்க) வேண்டும் என்பதில்லை. வீட்டில் அப்பாவோ அம்மாவோ ஆசி செபம் சொல்லி, சிலுவை அடையாளம் வரைந்து தொடங்கலாம். சாமியாரிடம் மந்திரித்து வாங்க விரும்பினால் கிறிஸ்து அரசர் ஞாயிறன்றே கோயில்பிள்ளையிடமோ (கோயில் பணியாளர்) பங்கு அலுவலகத்திலோ சொல்லிவையுங்கள். முதல் ஞாயிறு காலையில் பூசை முடிந்த கூட்டத்தில் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது சிரமம். மெழுகுவர்த்திகளை மட்டும் ஒரு பையில் கொண்டுபோனால் போதும்.

7. முதல் மாலை

வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். சிலுவை அடையாளம். ஆசி செபம் (முதல் நாள் மட்டும்). ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுதல். நற்செய்தி வாசகம், ஞாயிறானால் முழுதும், வாரநாளில் நான்கைந்து வசனம். அரை நிமிட அமைதி. ஆளுக்கொரு மன்றாட்டு, எல்லாரும் சேர்ந்து "ஆண்டவராகிய இயேசுவே, வாரும்" என்ற பதிலுரை. கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே. தெரிந்த பாட்டு ஒன்று.

பெரியவர்கள் பழைய செபங்களைச் சொன்னால் திருத்தாதீர்கள். பிள்ளைகள் பழையது, புதியது இரண்டையும் கற்றுக்கொள்வார்கள்.

யார் ஏற்றுவது என்பதில்தான் சண்டை வரும். பரவலான வழக்கம் முதல் வாரம் கடைக்குட்டி, இரண்டாம் வாரம் மூத்தது, மூன்றாம் வாரம் அம்மா, நான்காம் வாரம் அப்பா. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இது பொருந்தாது. எங்கள் வீட்டில் சின்னவன் தீப்பெட்டியை மறைத்துவைத்துக்கொண்டு, "பாட்டி, நேத்து நீங்கதான ஏத்துனீங்க, இன்னிக்கு என் முறை" என்பான். பாட்டி, "நேத்து நீ தூங்கிட்டடா, அது எப்படி என் கணக்குல வரும்?" என்பார். தேதி வாரியாகப் பெயர் எழுதிய தாள் ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், பஞ்சாயத்து முடிந்துவிடும். பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். பெரியவர் ஏற்றிய ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து ஏற்றட்டும்.

இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் மூன்று என்று கூடிக்கொண்டே போகும். ரோஸ் மூன்றாவதாக வரும், கடைசியாக அல்ல.

8. தடங்கல் வரும் வாரங்கள்

முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். டிசம்பர் 3 புனித சவேரியார் திருவிழா. கோட்டாறு சவேரியார் பேராலயத்தின் பத்து நாள் திருவிழா அன்றோடு நிறைவடையும், குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவதும் வழக்கம். ஊருக்குப் போகிறவர்கள் வளையத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். செபத்தாளை மட்டும் பையில் வையுங்கள். அங்கே ஒரு மெழுகுவர்த்தி கிடைக்காமலா போகும்? டிசம்பர் 8 அமல உற்பவ அன்னை பெருவிழா. பல பங்குகளில் மாலைத் திருப்பலி இருக்கும். அன்று கோயிலுக்குப் போய் வந்த பிறகு மெழுகுவர்த்தி ஏற்றிப் பாட்டு மட்டும் பாடினால் போதும்.

உண்மையான தடங்கல் அரையாண்டுத் தேர்வு. பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வந்து உட்காரும். படிக்கும் பிள்ளையை இழுத்துவந்து உட்காரவைத்தால் வளையத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். தேர்வு நாள்களில் வாசகமும் பாட்டும் இல்லாமல் ஒரு மன்றாட்டு, ஒரு செபம், மூன்று நிமிடம் என்று சுருக்குங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாள் வாசகத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டாம். விட்டது விட்டதுதான், அன்றைய நாளிலிருந்து தொடருங்கள்.

அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்) உங்கள் வீட்டு முறை வந்தால் அதை வளையத்தைச் சுற்றியே நடத்துங்கள். கேரல் குழு வரும் தேதியை ஞாயிறு அறிவிப்பில் கவனித்துக்கொள்ளுங்கள். அவர்கள் ராத்திரி எத்தனை மணிக்கு வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, அதற்காக மெழுகுவர்த்தியைத் தள்ளிப்போடாதீர்கள்.

9. டிசம்பர் 16-க்குப் பிறகு

நவநாளாக, அதாவது ஒன்பது நாள் தொடர் செபமாக, செய்ய விரும்புகிறவர்களுக்கு டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் கிடைக்கும். குடிலை அந்த வாரத்தில் கட்டத் தொடங்கினால் போதும் என்பது என் கருத்து. நட்சத்திரம் டிசம்பர் முதல் தேதியே தொங்கட்டும், தெருவே தொங்கவிடும்போது பிள்ளைகளைத் தடுக்க முடியாது. ஆனால் குடிலும் மரமும் கேக்கும் முதல் வாரத்திலேயே வந்துவிட்டால் வளையத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழந்தை இயேசு சுரூபத்தை 24 இரவு வரை அலமாரியில் பூட்டிவையுங்கள்.

டிசம்பர் 18, வெள்ளி. பரங்கிமலை உச்சியில் இருக்கும் கோயில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் அன்னை மரியாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தப் பெயரில் மாதாவை நினைவுகூரும் நாள் இது. சென்னையில் இருப்பவர்கள் குடும்பத்தோடு ஒரு மாலை மலையேறி வரலாம், திருவருகைக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் வேறில்லை.

பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை) கடைசி இரண்டு நாளுக்கு ஒத்திவைக்காதீர்கள். வரிசை வாசல் தாண்டி நிற்கும். மூன்றாம் வாரத்தின் ஒரு வாரநாள், திருப்பலிக்கு அரைமணி முன்னால் போனால் நிதானமாகச் செய்யலாம்.

24 இரவு திருப்பலிக்குக் கிளம்பும் முன் நான்கையும் ஏற்றிச் செபித்து, அணைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து நடுவில் இருக்கும் வெள்ளையை ஏற்றிக் குழந்தை இயேசுவைக் குடிலில் வையுங்கள். நள்ளிரவு தாண்டியிருக்கும், குழந்தைகள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் காலையில் செய்துகொள்ளலாம்.

10. எடுத்துவைப்பது

கிறிஸ்துமஸுக்குப் பிறகு பச்சையை நீக்கிவிட்டு, வெள்ளை மெழுகுவர்த்தியை மட்டும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை ஏற்றலாம். 2027-இல் அது ஜனவரி 10. காய்ந்த சவுக்கை வீட்டுக்குள் எரிக்காமல் தொட்டிச் செடிக்கு மூடாக்காகப் போடுங்கள்.

மிச்ச மெழுகுவர்த்தியைப் பரணில் வைக்கக் கூடாது. மே மாத வெயிலில் நான்கும் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். ரோஸ் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும், அதை மறுபடி வாங்க வேண்டியதில்லை. முதல் ஊதா மட்டும் புதிதாக வேண்டும். மணலைச் சலித்து டப்பாவில் போட்டு, செபத்தாளையும் உள்ளே வைத்து, மூடிமேல் "2027 நவம்பர் 28, மூன்றாம் ஆண்டு, லூக்கா. ஊதா ஒன்று வாங்கணும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.